தண்டமும் உடன்பாடும்

சென்ற திங்கள் எம் மருகரின் வண்டிக்கு, நிறுத்தலாகாவிடத்து நிறுத்தியதாகத் தண்டச்சீட்டொன்று கைப்பேசி வழியே வந்தது. அவ்வீதியில் விலக்குப் பலகை யாதும் இல்லாமையை யாமே நேரிற் கண்டேம். பலகை நாட்டுதற்குரிய அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 116-ஆம் பிரிவில் உளது. அறிவியாது விலக்குதலும், விலக்கியபின் ஒறுத்தலும் எம்முறையோ, அன்பர்களே ஆராய்க.

“500 ரூபாய்தானே, மாமா! நீதிமன்றம் ஏறியிறங்கும் செலவு அதனினும் மிகும்” என்றார் மருகர். அவர் கணக்குப் பிழையன்று. 177-ஆம் பிரிவின்படி முதற்குற்றத்திற்கு 100 ரூபாய் வரை இருந்த தண்டம், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 500 வரை உயர்ந்தது. மீண்டுஞ் செய்யின் 1,500 வரை செல்லும். குற்றத்தை ஒப்பிக் கடிதமும் பணமும் அனுப்பி முடித்துக்கொள்ளவும் 208-ஆம் பிரிவு இடந்தருகின்றது. ஒப்புவார்க்கு வழி எளிது. மறுப்பார்க்கே நடை மிகுதி!

ஆயினும், செலுத்துதலை உலகத்தார் உடன்பாடென்றே கொள்வர். பொருளிழப்பு ஆறும்; செய்யாததனைச் செய்தேன் எனல் எங்ஙனம் ஆறும்? இதனைக் கேட்ட மருகர் நெடுநேரம் வாளா இருந்தார். பின்னர் வீதியின் இருமுனைகளையும் படமெடுத்து மறுப்புரை வரைந்தார். யாம் சந்திப்பிழை மட்டும் திருத்தினேம். வழக்கு இன்னும் முடிந்திலது.