உப்புக்கொத்திகள் போகும் மாதம்

சுபஹ் தொழுத கையோடு நானாவும் நானும் வாப்பாவின் ஓட்டோவில் புறப்பட்டோம். அம்பலாந்தோட்டையைத் தாண்டும்வரை நானா வாயே திறக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

உஸ்ஸங்கொடையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடலோரத்துச் செங்குத்து மேட்டின் மேல் பரந்த வெளி. மண் செங்கல் பொடி போலச் சிவப்பு. நிக்கல் அதிகமுள்ள மண் என்பதால் செடிகள் தரையோடு ஒட்டியே கிடக்கின்றன. இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்றும் ஒரு கதை உண்டு. 2010இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். விளிம்பில் நின்றால் காலுக்குக் கீழே அலை இரையும்.

"அங்க பாரு, நெஞ்சு கறுத்து ஈக்கிது!" என்றார் நானா.

பசிபிக் பொன் உப்புக்கொத்திகள். இங்கே வந்து தங்கும் மாதங்களில் மங்கிய மண்ணிறக் குருவிகள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஏப்ரலில் முகம் முதல் வயிறு வரை கறுத்து, முதுகில் பொன் புள்ளிகள் மின்னும். சைபீரியாவின் தூந்திர வெளியில் முட்டையிடப் போகும் கோலம் அது. ஓடும், நிற்கும், கொத்தும், மீண்டும் ஓடும். பதினொன்று எண்ணினோம்.

"வியாழக்கிழமை நான் கட்டாருக்குப் போறேன்."

உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஒரு மாதமாகத் தெரியுமாம். எனக்குப் பரீட்சை என்று மறைத்தார்களாம்! உயர்தரத்தில் உயிரியல் இரண்டு தடவையும் நானாவைக் கைவிட்டது. இத்தனை பறவைகளைத் தெரிந்தவருக்கு எப்படி என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அதே பாடத்தைத்தான் நானும் படிக்கிறேன். பதில் சொல்லாமல் மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு வந்தது.

திரும்பும்போது ஒரு பழைய கொப்பியைத் தந்தார். உப்புக்கொத்திகளைக் கடைசியாகக் கண்ட நாள், எண்ணிக்கை, இடம். ஐந்து வருடக் கணக்கு.

"இனி நீ எழுது."

"யாரு என்னக் கூட்டிவார?"

"ஊட்டுக்குக் கிட்ட உப்பளத்துலயும் நிக்கும்."

அவர் போன பிறகு பத்து நாள் கொப்பியைத் தொடவில்லை, கோபம்தான். ஒரு மாலை உம்மாவே குடையை எடுத்துக்கொண்டு, "வா, அந்தக் குருவியப் பாப்பம்" என்றார். உப்பளத்து வரம்பில் கால் வலிக்கிறது என்று முணுமுணுத்தபடியே நடந்தவர் திடீரென்று நின்றார்.

அன்றிரவு எழுதினேன்: ஏப்ரல் 26. மூன்று. உப்பளம். கண்டது உம்மா.