முத்திரை போன வருசத்தது

நீர்வேலியில் வாழைக்குலை நிறுக்கும் தராசடியில்தான் நான் அளவையைப் படித்தேன். தராசில் அரச முத்திரை குத்தியிருக்கும். ஆனாலும் ஐயா தன் கதலிக் குலைகளை ஏற்றுவதற்கு முன், வாய் பிரிக்காத 50 கிலோ யூரியாப் பை ஒன்றைத் தூக்கித் தராசில் வைப்பார். வியாபாரி முகம் சுளித்தால், "முத்திரை போன வருசம் குத்தினது தம்பி, குலை இண்டைக்கு வெட்டினது" என்பார்.

பின்னாளில் தண்ணீர் ஆய்வுகூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, கருவிகளின் தகுதிகாண், செல்லுபடியாக்கல் என்று தடித்த கோப்புகளைக் கையில் தந்தார்கள். என்ன தேவை என்று வாங்கும் முன்பே எழுதிவைப்பது வடிவமைப்புத் தகுதி. வந்த கருவியை உரிய இடத்தில், உரிய மின்சாரத்தில் பொருத்தியதற்குச் சான்று நிறுவல் தகுதி. அது தன் எல்லைக்குள் ஓடுகிறதா என்பது இயங்கல் தகுதி. நம்முடைய மாதிரியில், நம்முடைய கையில், நாளாந்தம் சரியாக ஓடுகிறதா என்பது செயற்றிறன் தகுதி. ஆய்வுகூடத்தில் யாரும் இப்படி நீட்டுவதில்லை, டி.கியூ., ஐ.கியூ., ஓ.கியூ., பி.கியூ. என்போம். நடுவில் உள்ள இரண்டையும் கம்பனிப் பொறியியலாளர் முடித்து, கையொப்பமிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார். கடைசியில் உள்ளது நம் தலையில். ஐயாவின் யூரியாப் பை அதுதான்.

எங்கள் ஊருக்கு ஆறு இல்லை. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். மழை அதன் வெடிப்புகளில் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் அதே வழியால்தான் இறங்குகின்றன. ஆகவே எங்கள் வலிகாமத்துக் கிணறு என்றதும் நாங்கள் முதலில் பார்ப்பது நைத்திரேற்று. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லை. மீறினால் பால்குடிப் பிள்ளைகளின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் திறனை இழக்கலாம். உடம்பு நீலம் பாரிக்கும்.

நாங்கள் அதை ஸ்பெக்ரோ என்று சொல்லும் நிறமாலை ஒளிமானியில் 220 நனோமீற்றர் புறஊதா ஒளியில் அளந்தோம். சுண்ணக்கல் நீரின் காபனேற்று குழப்பாதிருக்க 50 மில்லிலீற்றருக்கு 1 மில்லிலீற்றர் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம். சேதனப் பொருளின் பங்கைக் கழிக்க 275 இல் இன்னொரு வாசிப்பு. அதன் இருமடங்கைக் கழிக்க வேண்டும். கழிப்பது 220 வாசிப்பில் பத்து வீதத்தைத் தாண்டினால் அந்த மாதிரிக்கு இந்த முறையே ஆகாது. இவ்வளவும் முறைநூலில் உண்டு. ஆனால் ஒரு கணக்கை நான் வெகுநாள் போட்டுப் பார்க்கவில்லை. முறை நேர்கோட்டில் நடப்பது நைதரசனாக லீற்றருக்கு 11 மில்லிகிராம் வரைதான். 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது நைதரசனாக 11.3. சட்டம் கோடு கீறிய இடத்திலேயே முறையின் நேர்கோடு முடிந்துவிடுகிறது!

அது பிடிபட்டது தற்செயலாக. கைக்குழந்தை உள்ள வீடொன்றின் கிணற்று நீர் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது. மனம் ஒப்பவில்லை. பத்து மடங்கு ஐதாக்கி அளந்து, பத்தால் பெருக்கினேன். எல்லைக்கு மேலே போனது. ஒரே போத்தல், ஒரே கருவி, இரண்டு பதில். ஸ்டிக்கரோ இன்னும் ஏழு மாதம் செல்லுபடி என்றது.

காரணம் வழிதவறிய ஒளி. டியூட்டீரியம் விளக்கு வயதாகும்போது 220 பக்கத்தில் அதன் வலு முதலில் குறையும். வேறு அலைநீளத்து ஒளி கொஞ்சம் கசிந்து உணரியில் விழுந்தால், கருவி அதையும் மாதிரியைத் தாண்டி வந்த ஒளியாகவே எண்ணும். கசிவு ஒரு வீதம் என்றால், உண்மை உறிஞ்சல் 1 ஆக இருக்கும்போது 0.96 காட்டும், பெரிய பிழையில்லை. உண்மை 2 ஆக இருந்தால் 1.70 தான் காட்டும். மிகக் கெட்ட கிணற்றுக்கும் நற்சான்று கொடுக்கும் பிழை இது. பொறியியலாளர் ஓமியம் கரைசலால் அலைநீளம் பார்த்திருந்தார்; பொற்றாசியம் இருகுரோமேற்றால் உறிஞ்சல் பார்த்திருந்தார். எல்லாம் சரி. ஆனால் லீற்றருக்கு 10 கிராம் சோடியம் அயடைட்டுக் கரைசலை வைத்து, நாங்கள் நாள்தோறும் அளக்கும் அந்த 220 இல் கசிவைப் பார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தவறியது எங்கள் டி.கியூ. விளக்கை மாற்றினோம். பழைய அறிக்கைகளைப் புரட்டி, எல்லையை ஒட்டி நின்ற கிணறுகளுக்குத் திரும்பவும் போத்தலோடு போனோம்.

அன்றிலிருந்து சின்ன விசயங்களிலும் கண் வைத்தேன். கனமானக் குடுவைகளில் 20 பாகை என்று பொறித்திருக்கும். எங்கள் அறை 30. அங்கே 1 மில்லிலீற்றர் நீரைத் தராசில் வைத்தால் 1 கிராம் அல்ல, 0.995 கிராம்தான். இந்தத் திருத்தம் தெரியாமல் நல்ல பிப்பெற்றைக் கழித்து வைத்த பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பியதும் அடைகாப்பானில் வெப்பமானியைப் பார்த்து எழுதிய பிறகே தட்டுகளை உள்ளே வைத்தோம்.

ஐ.எஸ்.ஓ. 17025 கேட்பதும், இலங்கைத் தரப்படுத்தல் அங்கீகாரச் சபையின் கணக்காய்வாளர் கேட்பதும் இதைத்தான்: அளக்கிற வேலைக்கு இந்தக் கருவி பொருத்தமென்று எப்படித் தெரியும்? கடதாசி வேலை என்று சலிப்பவர்கள் சுன்னாகத்தை நினைக்க வேண்டும். நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. கிணறு நீதிமன்றம் ஏறாது, ஆய்வறிக்கைதான் ஏறும்.

ஐயா தராசில் ஏற்றிய அந்த யூரியாவைத்தான் பிறகு நான் கிணற்று நீரில் நைத்திரேற்றாகத் தேடினேன். அவர் இன்று இல்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே: காலையில் முதல் மாதிரிக்கு முன், விடை தெரிந்த ஒரு கரைசலை வையுங்கள். எல்லையை ஒட்டி நிற்கும் எந்த மாதிரியையும் ஐதாக்கி இன்னொரு முறை அளக்காமல் கையொப்பமிடாதீர்கள்.