கள்ளக்குறிச்சியில் திக்கிய கிட்டார்... வெள்ளிமலையில் பாடியது!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மேலே ஏறினால் கல்வராயன் மலையின் வெள்ளிமலை. அருவி பார்க்கத்தான் பலரும் வருவார்கள். எங்களுடன் ஒரு கிட்டாரும், நண்பர் வீட்டிலேயே சால்டரிங் செய்த 'ஃபஸ்' பெடலும் வந்தன. பாகங்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியவை.

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்து, காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிதான் பெடல். மிதித்தால் தந்தியின் ஓசை தடித்து உறுமும். 1962-ல் அமெரிக்காவில் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' வந்தது. 1966-ல் லண்டனில் 'ஃபஸ் ஃபேஸ்' வந்தது. அதன் உள்ளே இரண்டே டிரான்சிஸ்டர்கள், இரண்டும் ஜெர்மானியம். நண்பர் செய்தது அதன் நகல்.

சித்திரைத் திருவிழாக் கச்சேரிக்கு இதை நம்பி எடுத்துப்போகலாமா? அதுதான் அவர் கவலை. ஏனென்றால், கள்ளக்குறிச்சியின் மதிய வெயிலில் வாசித்தபோது ஓசை திக்கித் திக்கி அறுந்தது. பேட்டரியை மாற்றினோம். ஒயர்களை இழுத்துப் பார்த்தோம். சால்டரிங் வைத்த இடங்களை மறுபடி சூடாக்கினோம். பலனில்லை. கடைசியில் மல்ட்டிமீட்டர்தான் காட்டிக்கொடுத்தது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 9 வோல்ட்டில் பாதி, அதாவது 4.5 வோல்ட் அளவு இருக்க வேண்டும். அது விலகி நின்றது.

மாலையில் வெள்ளிமலை. பெட்டிக்குள் எதையும் தொடவில்லை. பேட்டரி ஆம்ப்பில் மாட்டி மிதித்தால், முழு உறுமல்!

காரணம் எளிது. ஜெர்மானியத்தில் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் கசியும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மலையிலோ 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி குறையும். மாலைக் குளிர்ச்சியும் சேர்ந்துகொண்டது. லண்டன் குளிருக்குப் பிறந்த பெட்டி அல்லவா!

சமவெளியில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் 'ப்ரீசெட்' வைத்து, மேடையிலேயே 4.5-க்குத் திருப்பிக்கொள்வது. இன்னொன்று, சிலிக்கான் டிரான்சிஸ்டர். ஃபஸ் ஃபேஸே பின்னாளில் பிசி108 சிலிக்கானுக்கு மாறியதுதான். வெயிலை நன்றாகத் தாங்கும்; ஓசை மட்டும் சற்றுக் கூர்மையாக இருக்கும். ஆனால், டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால் போதாது. ஏசி128 பிஎன்பி வகை, பிசி108 என்பிஎன் வகை. பேட்டரி இணைப்பின் திசையும், ரெசிஸ்டர் அளவுகளும் சேர்ந்தே மாற வேண்டும்.

நண்பர் சிலிக்கானுக்கு மாறிவிட்டார். நீங்களும் பெடல் செய்தால், இரவில் ஃபேனுக்கு அடியில் சோதித்துத் திருப்திப்படாதீர்கள். கச்சேரி நடக்கும் இடத்தில், அதே நேரத்து வெயிலில் ஒருமுறை மிதித்துப் பாருங்கள்!