ஊசி போட்டும் ஜுரம் வந்ததே!

"இந்த ஊசியெல்லாம் வேண்டாம்னு அப்பவே தலைபாடா அடிச்சுண்டேன், கேட்டியா?"

கட்டிலில் சுருண்டு படுத்தபடி என் மாமியார் முனகியபோது, எனக்கு நிமிர்ந்து பார்க்கவே தைரியம் வரவில்லை. போன வருஷம் ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. அத்தைக்கு வயது 74. சர்க்கரை வியாதியும் உண்டு. "வயசானவா போட்டுக்கணும் அத்தை" என்று கெஞ்சிக் கூத்தாடி, ஃப்ளூ தடுப்பூசி போட அழைத்துக்கொண்டு போனவள் நான்தான். ஐந்து வாரம்கூட ஆகவில்லை. 102 டிகிரி ஜுரம், அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலி, ஓயாத இருமல். மூக்கிலிருந்து எடுத்துப் பரிசோதித்ததில், சாட்சாத் அந்த ஃப்ளூவேதான்!

"ஆயிரம் ரூபாய்க்கு மேலே தண்டம்" என்றார் என் கணவர். எனக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியது.

நாலு ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. மூச்சு சீராக வருகிறதா என்று இருட்டில் எழுந்து எழுந்து பார்ப்பேன். ஐந்தாம் நாள் காலையில், "கொஞ்சம் மிளகு ரசம் சாதம் கரைச்சுக் குடேன்" என்று அத்தை கேட்டபோதுதான் எனக்கு உயிரே வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்காமலே பிழைத்து எழுந்துவிட்டார்.

பிறகு டாக்டரம்மாவிடம் என் குறையைக் கொட்டினேன். "ஊசி போட்டும் வந்துடுத்தே டாக்டர்?"

அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். தடுப்பூசி என்பது உடம்புக்கு நடத்தும் பாடம். இந்த ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி அல்ல. அதனால் ஊசியே ஃப்ளூவை உண்டாக்காது. கிருமியின் அடையாளத்தைக் காட்டி, "இவன் வந்தால் விடாதே" என்று சொல்லிக் கொடுக்கிறது. உடம்பு அதைக் கற்று, எதிர்த்துப் போராடும் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும்.

ஆனால் மாணவருக்கு வயதாகிவிட்டால்? நம் நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. டி செல்கள் என்னும் சிப்பாய்களுக்குப் பயிற்சி தரும் பள்ளிக்கூடம் அது. குழந்தைப் பருவத்தில் நன்றாக வேலை செய்யும் இந்தச் சுரப்பி, வயது ஏற ஏறச் சுருங்கி, பெரும்பாலும் கொழுப்பாகவே மாறிவிடுமாம். அதனால் முதுமையில் புதுச் சிப்பாய்கள் மிகக் குறைவு. பழையவர்கள்தான் அதிகம்.

"உங்க மாமியாருக்கு ஐம்பது வருஷத்துக்கு முந்தின கல்யாணச் சமையல் ஞாபகம் இருக்கும். நேத்திக்கு வாங்கின பால் கணக்கு மறந்துடும், இல்லையா? உடம்புக்குள்ளேயும் அதே கதைதான்" என்றார். ஃப்ளூ கிருமியோ அடிக்கடி வேஷம் மாற்றுகிறது. ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை கூடி முடிவு செய்கிறது. புதுப் பாடம், பழைய மாணவர்!

"அப்போ போட்டது வீண்தானே?"

"யார் சொன்னா? நூத்துக்கு நாற்பது வாங்கினவனும் பாஸ்தானே! ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்களுக்கு, வந்தாலும் ஆஸ்பத்திரி வரை போகும் ஆபத்து குறையும்."

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கென்றே நாலு மடங்கு சத்துள்ள ஊசிக்கு 2009-ல் அனுமதி கொடுத்தார்களாம். சுமார் 32,000 முதியவர்களிடம் சோதித்து 2014-ல் வெளியான முடிவுப்படி, சாதாரண ஊசியைவிட அதில் ஃப்ளூ ஏறக்குறைய கால் பங்கு குறைந்ததாம்.

அதன் பிறகு கேட்டாரே ஒரு கேள்வி! "அது சரி, கிருமியை வீட்டுக்குள்ளே கொண்டு வந்தது யாரு?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தைக்கு ஜுரம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, யு.கே.ஜி. படிக்கும் என் சின்னவன் மூக்கொழுக, உடம்பு கொதிக்க ஸ்கூலிலிருந்து வந்தான். "பாட்டிகிட்டே சமர்த்தாப் படுத்துக்கோடா" என்று அவர் போர்வைக்குள் அனுப்பிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனவள் நான். அவனுக்கும் ஊசி போடவில்லை, எனக்கும் போட்டுக்கொள்ளவில்லை. "நமக்கென்ன, வயசா ஆயிடுத்து?" என்ற அலட்சியம்தான்!

டாக்டரம்மா ஜப்பானைப் பற்றிச் சொன்னார். அங்கே 1962-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட ஆரம்பித்தார்கள். 1987-ல் பெற்றோர் வேண்டாமென்று சொல்லலாம் என்றானது. 1994-ல் திட்டமே நின்றுபோனது. பிறகு மரணக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள், பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் வருஷத்துக்கு 37,000 முதல் 49,000 உயிர்கள் வரை தப்பியிருக்கும் என்று 2001-ல் கணக்கிட்டார்கள். அதில் பெரும்பாலோர் முதியவர்கள். ஊசி பேரன் கையில், பலன் பாட்டிக்கு!

இந்த வருஷம் மழைக்கு முன்பே குடும்பத்தோடு போய் வந்தோம். "எனக்கு எதுக்கு, குழந்தைக்குப் போடு" என்று அத்தை பிகு பண்ணினார். ஆனால் சின்னவன் ஊசியைக் கண்டு வீறிட்டதும், தானே முதலில் கையை நீட்டி, "பாருடா, பாட்டிக்கு வலிக்கவே இல்லே!" என்றார். ஊசி இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன்!

சகோதரிகளே, ஆறு மாதம் நிறைந்த குழந்தை முதல் இந்த ஊசி போடலாம். சின்னக் குழந்தைக்கு முதல் வருஷம் நாலு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவைப்படும். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம், பிறக்கும் சிசுவுக்கும் பாதுகாப்பு. உங்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். குழந்தைக்கு ஜுரம் என்றால் மட்டும், என்னைப் போலப் பாட்டி போர்வைக்குள் அனுப்பிவிடாதீர்கள்.