சாரா ஆன்ட்டியும் தாஹாவும்

கொச்சி மட்டாஞ்சேரியின் சாரா கோஹனையும் தாஹா இப்ராகிமையும் பற்றி எழுதாத பத்திரிகை குறைவு. யூதப் பாட்டி, முஸ்லிம் பிள்ளை, ஒரே கடை. தலைப்பு தானாக வந்து விழும். மத நல்லிணக்கம் என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். எனக்கென்னவோ மதம் அவ்வளவு பெரிய வியப்பாகப் படவில்லை. மிளகும் சுக்கும் விற்றுப் பிழைத்த கடைத்தெரு அது. நாலு மதமும் அங்கே தோளுரசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. அதிசயம் வயதில் இருக்கிறது. சாரா பிறந்தது 1922. தாஹா அந்தத் தெருவுக்கு வந்தபோது படிப்பை விட்டுவிட்ட பொடியன். பாட்டிக்கும் பேரனுக்கும் உள்ள தூரம்.

நம் வீடுகளில் வயதானவர்களுக்கு மரியாதை செய்யத் தெரியும். காலில் விழுவோம், மாத்திரை எடுத்துக் கொடுப்போம். சிநேகிதம் வைத்துக்கொள்ளத் தெரியுமா? "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்பதற்கு மேல் பேச்சு நகராது. எண்பது வயதுக்காரரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து வம்பளக்க நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

யூதர்களின் வழிபாட்டில் இதற்கென்றே செய்துவைத்தாற்போல ஓர் ஏற்பாடு உண்டு. மின்யான் என்று பெயர். 13 வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் வேதமான தோராவின் சுருளைச் சபையில் எடுத்து வாசிக்கலாம். அந்தப் பத்தில் மீசை முளைக்காத பையனும் ஓர் ஆள், பல் போன கிழவரும் ஓர் ஆள். ஒன்பது பேர் காத்து நிற்கும் காலையில், தூக்கக் கலக்கத்தோடு தெருமுனையில் திரும்பும் விடலைக்குப் பெரியவர்களிடம் எவ்வளவு செல்வாக்கு இருந்திருக்கும்! கேரளத்து யூதர்களிடம் ரப்பி என்கிற மதகுருவும் கிடையாது. விவரம் தெரிந்த பெரியவர்களே முன்னின்று ஓதுவார்கள். இளசுகள் காதால் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பெண்கள் பக்கம் மலையாளப் பாட்டுகள் இருந்தன. கையால் எழுதிய நோட்டுகளை வைத்துக்கொண்டு, கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் கேட்கவே பாடுவார்கள். மூத்தவர்கள் பாடப்பாடச் சிறுமிகள் கூடச் சேர்ந்துகொள்வார்கள். ஆக, சபை இருக்கும்வரை கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒருவரிடம் ஒருவருக்கு வேலை இருந்தது.

1948-இல் இஸ்ரேல் பிறந்தது. ஐம்பதுகளில் கேரளத்து யூதர்களில் பெரும்பாலோர் அங்கே கிளம்பிவிட்டார்கள். மட்டாஞ்சேரியின் பரதேசி யூதர்கள், அதாவது வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள். 1568-இல் கட்டிய அவர்களுடைய தொழுகைக்கூடமான சினகாக் மட்டும் நின்றது. வெளியூரிலிருந்து யூதப் பயணிகள் வந்தால்தான் பத்துத் தலை தேறும் என்ற நிலை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தரையெல்லாம் கையால் தீட்டிய நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்பார்கள். குனிந்து இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் பின்னால் வந்த சுற்றுலாக் கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

சாராவுக்கும் கணவர் ஜேக்கப்புக்கும் பிள்ளைகள் இல்லை. தெருவில் சாமான் விற்றுக்கொண்டிருந்த தாஹாவை வீட்டுக்குள் விட்டது ஜேக்கப்தான். சரக்கை வைக்க இடம் கொடுத்தார். சாராவுக்கு ஆரம்பத்தில் பையனைப் பிடிக்கவில்லை என்று தாஹாவே சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். முதல் நாளே கட்டி அணைத்துக்கொண்டிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பிடிக்காமல் இருந்ததை மாற்றியது தையல். சாராவின் கடையில் இருந்ததெல்லாம் அவர் கையால் செய்தவை: ஆண்கள் தலையில் வைக்கும் கிப்பா, வெள்ளி இரவில் ரொட்டியை மூடும் துணி. அந்த ரொட்டித் துணி ஒன்றைக் கடையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். பூவேலை தெரிந்தவர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை, என் அம்மா பழக்கியது. ஹீப்ரு எழுத்துகளின் பின்புறத்தில் முடிச்சு துருத்தவில்லை, நூல் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குத் தாவி ஓடவில்லை. இந்தச் சுத்தத்தை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. பக்கத்தில் உட்கார்த்தி, பிரிக்கச் சொல்லி, மறுபடி போடச் சொல்லித்தான் வரும். ஊசியில் நூல் கோக்க இளங்கண் வேண்டும். எங்கே குத்துவது என்று சொல்ல முதிய கண் வேண்டும். இரண்டு பேரும் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் முகம் பார்த்துப் பேச வேண்டிய சங்கடமும் இல்லை. வயது வித்தியாசமுள்ளவர்கள் பேசிப் பழக இதைவிடத் தோதான வேலை எது?

1999-இல் ஜேக்கப் காலமானார். சாராவைப் பார்த்துக்கொள் என்று தாஹாவிடம் கேட்டுக்கொண்டு போனார். தாஹா கடைசிவரை பார்த்துக்கொண்டார். முஸ்லிமான தாஹாவை யாரும் மின்யானின் அந்தப் பத்தில் ஒருவராக எண்ண முடியாது. சாராவையும்தான், பெண் என்பதால் அவரும் கணக்கில் வரமாட்டார். எண்ணிக்கையில் சேராத இரண்டு பேர் அந்தத் தெருவில் மிஞ்சிய யூத வாழ்க்கையின் பெரும் பங்கைச் சுமந்தார்கள்.

பிறகு மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார்: தௌஃபீக் ஸக்கரியா, ஹீப்ரு எழுத்துகளை அழகாக எழுதப் பழகிய முஸ்லிம் இளைஞர். மூவரையும் பற்றி 'சாரா தாஹா தௌஃபீக்' என்றே ஓர் ஆவணப்படம் இருக்கிறது. கிழவியிடம் பழகியவருக்கு இப்போது தன்னைவிட இளையவர் ஒருவர் சிநேகிதம். சங்கிலி அறுந்தது என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2019 ஆகஸ்டில் சாரா 96 வயதில் மறைந்தார். 2024-இல் அந்தத் தெருவின் இன்னொரு யூதப் பெண்மணி குவீனி ஹல்லேகுவாவும் போய்விட்டார். பரதேசி யூதர் என்று சொல்ல அந்தத் தெருவில் இன்று ஆள் இல்லாத குறைதான். கடையை தாஹா நடத்துகிறார். யூதர்களின் ஓய்வு நாளான சபத்துக்கு ஏற்றும் விளக்கு சாராவுக்கு முக்கியம் என்பதால் அதையும் விடாமல் ஏற்றச் செய்கிறார். போகிறவர்கள் சனிக்கிழமை போய் ஏமாறாதீர்கள். சினகாக் பூட்டியிருக்கும், தாஹாவின் கடையும்தான்.