தனி டம்ளர்

எய்ட்ஸ் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பு நண்பன் ஒருவன், "அதுக்குத்தான் மருந்து வந்திருச்சே, இன்னும் எதுக்குடா அதைப் பத்தி?" என்றான். நியாயமான கேள்விதான். மருந்து வந்து இவ்வளவு நாளாகியும் ஏன் எழுத வேண்டியிருக்கிறது என்பதற்கான பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், நிர்மலா என்ற மாணவி தன் ஆய்வுக்காக ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது தெரிந்த உண்மை நாட்டையே உலுக்கியது. அந்த மாதிரிகள் பாலியல் தொழில் செய்த பெண்களுடையவை. அன்றே ஊர் முடிவு கட்டிவிட்டது, இது 'தப்பு செய்தவர்களுக்கு' வரும் நோய் என்று!

பிறகு 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் தமிழ்நாடு முழுக்கச் சுவர்களில் நின்று கேள்வி கேட்டது. வாய்விட்டுப் பேசவே கூசிய விஷயத்தை டீக்கடை வரை கொண்டுவந்த பெருமை அதற்கு உண்டு. ஆனால் ராஜாவின் வீட்டில் இருந்த பெண்ணைப் பற்றி யார் கேட்டார்கள்?

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சையும் காய்கறியும் ஏற்றிய லாரிகள் குமுளி வழியாக இரவெல்லாம் கேரளா போகும். விடிவதற்குள் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறும். பிழைப்புக்காக நாள்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் ஆண்கள் இங்கே ஏராளம். சிலர் தொற்றோடு திரும்பினார்கள். வீட்டைவிட்டு எங்கும் போகாத மனைவிக்கும் அது வந்தது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா தன் கணவர் மூலம் தனக்குத் தொற்று வந்ததை ஊரறியச் சொன்னவர். 1998-ல் தன்னைப் போன்ற சில பெண்களோடு சேர்ந்து, தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் லாரி ஓட்டியவர். அவர் இறந்ததும் அக்காவின் படுக்கை பின்கட்டுக்குப் போனது. தட்டு தனி, டம்ளர் தனி. பின்வாசல் ஆணியில் தொங்கிய அந்த டம்ளர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊர்ப்பக்கத்துக்கு, வீட்டுக்குள் இன்னொரு குவளை வைக்க யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன!

எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், கொசு கடித்தால் பரவாது. இதெல்லாம் நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். பலருக்குத் தெரியாதது வேறு ஒன்று. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. 2017 முதல், தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே சிகிச்சை தொடங்குவது என்று முடிவானது. மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றுவதில்லை. இது ஆய்வுகள் உறுதி செய்த உண்மை.

இதில் முக்கியமான சொல் 'விடாமல்' என்பது. அந்த அக்கா இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார், தோட்ட வேலைக்கும் போகிறார். ஆனால் மாத்திரை வாங்க பக்கத்து மருத்துவமனைக்குப் போவதில்லை. வரிசையில் தெரிந்த முகம் யாராவது இருந்துவிட்டால்? அதனால் பஸ் ஏறித் தொலைவாகப் போகிறார், ஒருநாள் கூலி போகிறது. கையில் பணமில்லாத மாதம் என்ன செய்வார்? மருந்து விட்டுப்போனால் அடங்கியிருந்த வைரஸ் மறுபடி தலைதூக்கும். அப்போது அவர் உயிருக்கு ஆபத்தாக நிற்பது கிருமி மட்டுமா, நம் பார்வையும்தானே?

தொழுநோயிலும் இதேதான் நடந்தது. குணப்படுத்தும் மருந்து வந்து பல ஆண்டுகள் கழித்தும் ஊர் அவர்களைச் சேர்க்கவில்லை. ஆண்டிப்பட்டியில் இருக்கும் ஆரோக்ய அகம், தொழுநோய், காசநோய், எச்.ஐ.வி. என்று மூன்றுக்கும் பணியாற்றிய நிறுவனம். ஊர் ஒதுக்கிவைத்த நோய்களின் பட்டியலும் கிட்டத்தட்ட இதேதான் என்பதைக் கவனியுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017-ல் நிறைவேறிய எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. தொற்றைக் காரணம் காட்டி நியாயமின்றி வேலையை விட்டு நீக்குவது, பள்ளியில் சேர்க்க மறுப்பது, சிகிச்சை மறுப்பது, வீடு வாடகைக்குத் தர மறுப்பது எல்லாம் சட்டவிரோதம். கூட வாழும் குடும்பத்தாருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணை வெளியேற்றக் கூடாது என்றும், அந்த வீட்டின் வசதிகளைப் பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டு என்றும் அதில் இருக்கிறது. பின்கட்டுக்குத் தள்ளப்பட்ட எத்தனை அக்காக்களுக்கு இது தெரியும்?

அதனால் நண்பர்களே, இரண்டே விஷயம். ஒன்று, யாருக்காவது தொற்று என்று தெரிந்தால் "எப்படி வந்துச்சு?" என்று கேட்காதீர்கள். அந்தப் பதிலால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. "மாத்திரை ஒழுங்கா கிடைக்குதா?" என்று கேளுங்கள். இரண்டு, அவர் நம்பிச் சொன்னதை நான்காவது காதுக்குக் கொண்டு போகாதீர்கள். சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து கண்டுபிடிப்பது விஞ்ஞானிகள் வேலை, அதை அவர்கள் செய்துவிட்டார்கள். ஆணியில் தொங்கும் டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு வைப்பது நம் வேலை.