சீக்கிரம் போனால் மார்க் குறையும்!

எங்கள் வீட்டில் மாமனார் காலத்துப் பிரீமியர் பத்மினி கார் ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் போடுகிற பழைய மாடல். அதைத் துடைத்து, பழுது பார்த்து, இன்னும் ஓட வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். தங்கமான மனுஷர்தான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வேகம், வேகம், ஒரே வேகம்! பின்சீட்டில் பிள்ளைகளை அணைத்தபடி கழுகுமலை முருகனை வேண்டிக்கொண்டே வருவேன். "மெதுவாப் போங்களேன்" என்றால், "உனக்கு என்ன தெரியும்?" என்பார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். வாயை மூடிக்கொள்வேன்.

போன மார்கழியில் ஜெர்மனியிலிருந்து என் கொழுந்தனார் லீவில் வந்தார். ஐரோப்பாவில் பழைய கார்களை வைத்து ஒரு போட்டி நடத்துகிறார்களாம். முந்திப் போகிறவருக்குப் பரிசு இல்லை. இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும் என்று சொல்லி விடுவார்கள். சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். பிந்தினாலும் மார்க் போகும், முந்தினாலும் மார்க் போகும். ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒருவர் கடிகாரமும் கணக்குமாக உட்கார்ந்து வழி சொல்வாராம். நம் சென்னை, கோவை பக்கமும் 'டி.எஸ்.டி. ராலி' என்று இது நடக்கிறது, பெண்களுக்கென்றே தனியாகக்கூட நடக்கிறது என்றார்.

"நாமளும் எட்டயபுரத்துக்கு அப்படிப் போவோமா? மதினிதான் கணக்கு!" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக முன்சீட்டில் உட்கார்ந்தேன்!

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை, சகோதரிகளே. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிஷம். ரோட்டோரக் கல்லைப் பார்த்துக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். இட்லிக்கும் குக்கருக்கும் நேரம் பார்க்கிற நமக்கு இது என்ன பிரமாதம்?

'எட்டயபுரம் 12' என்ற கல்லை 7.10-க்குத் தாண்டினோம். 7.28-க்குச் சேர வேண்டும். இவர் கால் கேட்டால்தானே! 7.22-க்கே சேர்ந்துவிட்டோம். "ஆறு மார்க் போச்சுப்பா!" என்று பையன் கைகொட்டிச் சிரித்தான்.

பாரதியார் 1882-ல் பிறந்த வீட்டைப் பார்த்தோம். கல்கி முயற்சி எடுத்து, ஜனங்கள் கொடுத்த பணத்தில் கட்டி, 1947-ல் திறந்த மணிமண்டபத்தையும் பார்த்தோம். முத்துசுவாமி தீட்சிதர் சமாதியில் கும்பிட்டுவிட்டு, ஒரு வேப்பமர நிழலில் புளிசாதக் கட்டைப் பிரித்தேன்.

"வேகமாப் போனா ஏன் சித்தப்பா மார்க் குறைக்கிறாங்க?" என்று கேட்டான் பையன்.

கொழுந்தனார் சொன்னார்: இத்தாலியில் 'மில்லே மில்யா' என்று ஒரு பந்தயம். ஆயிரம் மைல் என்று அர்த்தம். பிரேசியா என்ற ஊரிலிருந்து ரோமாபுரி போய்த் திரும்ப வேண்டும். 1927-ல் தொடங்கியது. அப்போது வேகம்தான் பெரிசு, அதுவும் ஜனங்கள் நடமாடுகிற ரோட்டில். 1957-ல் ஒரு காரின் டயர் வெடித்து, வேடிக்கை பார்த்தவர்கள் மேல் பாய்ந்துவிட்டது. காரில் இருந்த இரண்டு பேரோடு ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதோடு அந்த வேகப் பந்தயமே முடிந்தது. 1977-ல் பழைய கார்களைக் கொண்டு மறுபடி தொடங்கியபோது, வேகத்துக்குப் பதிலாக நேரக் கணக்கு வந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரும் ஒன்றும் பேசவில்லை.

திரும்பும்போதுதான் நம் கரிசல் காட்டைக் கண்ணாரப் பார்த்தேன். எத்தனை வருஷமாகப் போய் வருகிற ரோடு! மழைக்குக் காலை விடாமல் ஒட்டிக்கொள்கிற அந்தக் கறுப்பு மண்ணில், கண்ணுக்கெட்டிய தூரம் சோளக் கதிர்கள் தலை சாய்த்து நின்றன. மல்லிச்செடி வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓர் இடத்தில் உளுந்தஞ்செடியை ரோட்டிலேயே பரப்பிக் காயப் போட்டிருந்தார்கள்.

"ஒன்றரை நிமிஷம், சரியா இருக்கு" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே துள்ளியது. அதன் பின்னாலேயே ஐந்து வயசுப் பெண் குழந்தை! இவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நல்லபடியாக நின்றது. குழந்தை ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடியது. காலையில் வந்த வேகத்தில் வந்திருந்தால்? நினைத்தாலே இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

இவர் கை நடுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எத்தனை நிமிஷம் லேட்டு?" என்றார்.

"ரெண்டு நிமிஷம். போனாப் போகட்டும்" என்றேன்.

"ஆமா, போகட்டும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கே போனாலும் முன்சீட்டு எனக்குத்தான். நோட்டும் பென்சிலும் காரிலேயே கிடக்கின்றன. "மெதுவா" என்று சொன்னால் சண்டை வரும். "மார்க் போகுது" என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே காலை எடுப்பார்கள். பிள்ளைகளுக்கும் கல் எண்ணுவதில் நேரம் போய்விடும். நீங்களும் அடுத்த பயணத்தில் முயன்று பாருங்களேன்!